8616460799: ஐந்து அட்டைப் பட்டைகளில் உடைந்த எண்

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு, கடையின் லைட் டேபிள் மேல் ஒரே ஒரு துளையில் வெளிச்சம் நின்றது. 55ஆம் கட்டம். தை மாதத்திலிருந்து என் மேசையை விட்டுப் போகாமல் இருந்த 8616460799 அப்போதுதான் இரண்டாக உடைந்தது. மறப்பதற்குள் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன், தவறிய இடங்களையும் சேர்த்து.

தக்கலையில் எனக்குப் பைண்டிங் கடை. ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர் தன் பழைய நோட்டுகளைத் தைத்துத் தரச்சொல்லிக் கொண்டுவந்தார். கடைசி நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் இந்த எண்ணும், அதன் கீழே “இரண்டு பகா எண்களின் பெருக்கல். எவை?” என்றும் எழுதியிருந்தது. கேட்டேன். “நான் போட்டுப் பாத்தாச்சு மக்ளே. நீ பாரு. போனைத் தொடாம பாரு” என்றார். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வரும் என்றாள். அது எனக்கும் தெரியும். ஆனால் தாளிலும் பென்சிலிலும் இது எப்படி நடக்கும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்: 7, 11, 13, 17 என்று பகா எண்களாக எடுத்து வகுத்தேன். கடை அடைத்தபின் ஒரு இரவுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வகுத்தல்கள். இருபத்துநான்கு இரவுகளில் 1999 வரை வந்தேன். அதுவரை உள்ள பகா எண்கள் 303. ஒன்றும் வகுக்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சின்னக் காரணி எண்ணின் வர்க்கமூலத்துக்குள், அதாவது 92824க்குள் இருந்தாக வேண்டும். ஒரு லட்சத்துக்குள் 9,592 பகா எண்கள் இருக்கின்றன. 92824க்குள் என்றால் ஒன்பதாயிரத்துக்குப் பக்கம். என் வேகத்துக்கு இரண்டு வருடம் பிடிக்கும். நடுவில் ஒரு வகுத்தலில் பிசகினாலும் தெரியாமலே தாண்டிப் போய்விடுவேன். அதோடு அந்த வழியை விட்டேன். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

நோட்டை வாங்கிக்கொள்ள வந்த சார் அடுத்த வழியைச் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஃபெர்மா என்ற கணித அறிஞர் செய்தது. வகுக்கவே வேண்டாம். எண்ணோடு ஒரு வர்க்கத்தைக் கூட்டினால் இன்னொரு வர்க்கம் வருகிறதா என்று பார்த்தால் போதும். 91 ஒரு சின்ன உதாரணம்: 91உடன் 9ஐக் கூட்டினால் 100. ஆகவே 91 என்பது 10இன் வர்க்கத்திலிருந்து 3இன் வர்க்கம் போனது; காரணிகள் 10 − 3, 10 + 3, அதாவது 7, 13. ஃபெர்மாவே எடுத்துக்கொண்ட எண் 2027651281. கை பழகுவதற்காக அதை முதலில் போட்டேன். 45030இல் தொடங்கி 45041 வரை பன்னிரண்டு வரிகள். பன்னிரண்டாவது வரியில் மீதம் 10,40,400 என்று வந்தது, அது 1020இன் வர்க்கம். காரணிகள் 44021, 46061. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இருபத்துநான்கு இரவுகள் வகுத்தவனுக்கு அந்த அரை மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அதே சூட்டில் நம் எண்ணுக்கு வந்தேன். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 92825. அதன் வர்க்கம் 861,64,80,625. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19,826 மிச்சம். இது முழு வர்க்கம் இல்லை. அடுத்த வரிக்கு மறுபடி பெருக்க வேண்டாம், 1,85,651ஐக் கூட்டினால் போதும். அதற்கடுத்து 1,85,653, பிறகு 1,85,655. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு இரண்டாக ஏறும். மிச்சத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே பாதிக்கு மேல் தள்ளிவிடலாம். முழு வர்க்கங்கள் 00, 01, 04, 09, 16 என்று மொத்தம் 22 விதமாகத்தான் முடியும். அந்த 22ஐயும் ஒரு துண்டு அட்டையில் எழுதி எதிரே சாய்த்து வைத்துக்கொண்டேன்.

ஆறு இரவுகளில் 150 வரிகள் போட்டேன். கிடைக்கவில்லை. காரணிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன போல, இந்த வழி இந்த எண்ணுக்கு ஆகாது என்று முடிவுகட்டி நோட்டை மூடினேன். அந்த முடிவு முழுக்கத் தவறு. காரணம் அப்போது எனக்குத் தெரியாது, பின்னால் வருகிறது.

சித்திரை, வைகாசி இரண்டும் பள்ளி நோட்டு வேலையிலேயே போயின. இடவப்பாதி மழை பிடித்து, கடையில் ஆள் வரத்து குறைந்தபோது மறுபடி எடுத்தேன். இந்த முறை சார் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்: “விடை எங்க இருக்குன்னு தேடாத. எங்கெல்லாம் இருக்க முடியாதுன்னு மொதல்ல பாரு.”

இதை 7ஐ வைத்துச் சொல்கிறேன். எந்த முழு வர்க்கத்தையும் 7ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2, 4 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 3, 5, 6 வராது. நம் எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே நாம் சோதிக்கும் பெரிய எண் (92825, 92826 என்று போகிறதே அது) 7ஆல் வகுபடும்போது மீதி 2, 3, 4, 5 ஆக இருந்தால்தான் விடைக்கு வாய்ப்பு உண்டு. 0, 1, 6 வந்தால் அந்த வரியைப் போடவே வேண்டாம். இதே மாதிரி 5க்கு 0, 2, 3 மட்டும். 11க்கு 1, 2, 4, 7, 9, 10. 3க்கு 0 மட்டும். 4க்கும் 0 மட்டும். ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. ஐந்து சல்லடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிற இடம் மட்டும் தெரியும். பைண்டிங் கடைக்காரனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

முதலில் பனையோலையில் செய்தேன். என் பாட்டி கடவப்பெட்டி முடைந்தவர், ஓலை என்றால் எனக்கு ஒரு ஆசை. மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நீளமான ஓலை வந்தது. இரண்டு அடிக்கு நறுக்கி, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு, துளைத்தேன். 3க்கும் 4க்கும் உள்ள பட்டைகள் நன்றாக வந்தன, அவற்றில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். 7இன் பட்டையில்தான் சிக்கல். அதில் நான்கு துளைகள் அடுத்தடுத்து வரும். மூன்றாவது துளை போட்டதுமே ஓலை நரம்பு வாக்கில் கிழிந்து நான்கும் ஒரே நீளப் பொத்தலாகிவிட்டது. மூன்று ஓலைகள் அப்படிப் போயின. தப்பித்தவையும் அந்த ஈரக்காற்றில் நான்கே நாளில் சுருண்டு, ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. எழுதுவதற்கு ஓலையை அவித்து, காயவைத்துப் பதப்படுத்துவார்கள். அதற்கு எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்தது கடையில் கிடந்த ஒன்றரை மில்லிமீட்டர் கிரே போர்டு. கிழியவில்லை, சுருளவும் இல்லை. ஆனால் ஐந்தை அடுக்கினால் கனம் ஏழரை மில்லிமீட்டர். துளையின் விட்டம் மூன்று மில்லிமீட்டர். கண்ணை நேர்மேலே வைத்தால்தான் வெளிச்சம் தெரிகிறது, கொஞ்சம் சாய்ந்தாலும் இருட்டு. 120 கட்டங்களையும் இப்படிக் கழுத்தை வளைத்துப் பார்க்க முடியாது.

கடைசியில் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போய் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு இரண்டு ஷீட் வாங்கி வந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அட்டைதான். அதில் ஐந்தை அடுக்கினாலும் இரண்டு மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு பட்டையும் இரண்டு சென்டிமீட்டர் அகலம், துளைக்கிற நீளம் மட்டும் 60 சென்டிமீட்டர், இரண்டு முனையிலும் பிடிக்கச் சற்று அதிகம். 5 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம், மொத்தம் 120. பூஜ்ஜியக் கட்டம் என்றால் 92825, ஒன்றாம் கட்டம் 92826, இப்படியே 119 வரை. ஐந்து பட்டைகளுக்கும் சேர்த்து 277 துளைகள். கோடு போடுவதற்கு ஸ்டீல் ஸ்கேலை ஒருமுறை வைத்தால் கடைசிவரை நகர்த்தக்கூடாது. நகர்த்தி வைத்த முதல் பட்டையில் அறுபதாவது கட்டத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பிசகு வந்தது. அடுக்கு நகராமல் இருக்க இரு முனைகளிலும் துளையிட்டுத் தையல் ஊசியைச் செருகினேன். பிலிம் பாசிட்டிவ் பார்த்த காலத்து லைட் டேபிள் ஒன்று மூலையில் கிடந்தது. டியூப் மாற்றியதும் எரிந்தது.

முதலில் 3, 4 இரண்டு பட்டைகளை மட்டும் வைத்தேன். பன்னிரண்டு கட்டத்துக்கு ஒரு வெளிச்சம்: 7, 19, 31, 43 என்று. 120 இடங்கள் பத்தாகிவிட்டன. அந்த ஒரே சீரான வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். 5ஐ வைத்ததும் ஆறு. 7ஐ வைத்ததும் நான்கு: 43, 115 இரண்டும் போய், 7, 55, 67, 103 நின்றன. 11ஐ வைத்ததும் மூன்று: 7, 67, 103.

மூன்றையும் கணக்குப் போட்டேன். 7ஆம் கட்டத்தில் மிச்சம் 13,19,425, முழு வர்க்கம் இல்லை. 67இல் 1,24,62,865, இல்லை. 103இல் 1,91,52,385, அதுவும் இல்லை.

அன்றைக்கு இரவு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மகள்தான் கேட்டாள், “அப்பா, அந்த 13,19,425ஐ 11ஆல வகுத்தா மீதி என்ன?” வகுத்தால் 8. முழு வர்க்கத்தை 11ஆல் வகுத்தால் 8 மீதியாக வரவே வராது. 0, 1, 3, 4, 5, 9தான் வரும். அப்படியானால் 7ஆம் கட்டத்தை 11இன் பட்டை மறைத்திருக்க வேண்டும். மறைக்கவில்லை என்றால் பட்டையில் பிழை. எடுத்துப் பார்த்தால், மற்ற நான்கிலும் கட்டங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணிய நான், இதில் மட்டும் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன். எல்லாத் துளைகளும் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தன. தப்பான மூன்று இடங்களைக் காட்டி, சரியான இடத்தை மறைத்துக்கொண்டிருந்த பட்டை அது.

புதுப் பட்டை வெட்டி 66 துளைகளையும் மறுபடி போட இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை இரவு அதை மேலே வைத்தபோது 7 அணைந்தது, 67 அணைந்தது, 103 அணைந்தது. 55 மட்டும் நின்றது.

55ஆம் கட்டம் என்றால் 92880. அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1,02,33,601. இது 3199இன் வர்க்கம். 92880இலிருந்து 3199ஐக் கழித்தால் 89681, கூட்டினால் 96079. இரண்டையும் மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன், மூன்று முறையும் 8616460799 வந்தது. மகள் ஒருமுறை பெருக்கினாள். அவளுக்கும் அதே.

சரி, அப்படியானால் முன்பு 150 வரிகள் போட்டேனே, 55ஆவது வரியை எப்படித் தாண்டினேன்? பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 55ஆவது வரியில் 1,02,32,601 என்று எழுதியிருக்கிறது. சரியான விடைக்குச் சரியாக ஆயிரம் குறைவு. பக்கத்து ஓரத்தில் என் கையெழுத்திலேயே 3199இன் வர்க்கம் 1,02,33,601 என்று போட்டு, “3198க்கும் 3199க்கும் நடுவில், இல்லை” என்று அடித்திருக்கிறேன். விடை அந்த ஓரத்திலேயே இருந்திருக்கிறது. பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனதில் 32ஆவது வரியில் பிழை கிடைத்தது: 57,75,937உடன் 1,85,713ஐக் கூட்டி 59,61,650 எழுதுவதற்குப் பதில் 59,60,650 எழுதியிருக்கிறேன். நூறுகள் இடத்திலிருந்து வந்த ஒன்றைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் நிற்பதால், அதற்கப்புறம் எழுதிய 118 வரிகளும் ஆயிரம் ஆயிரம் குறைந்தே ஓடியிருக்கின்றன. கடைசி இரண்டு இலக்கங்கள் மாறாததால் என் 22 முடிவுகள் அட்டையும் இதைப் பிடிக்கவில்லை.

இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். 57,75,937க்கு 7, 1,85,713க்கு 7, இரண்டும் சேர்ந்து 14, அதாவது 5. சரியான விடைக்கு 5 வருகிறது, நான் எழுதியதற்கு 4. ஐந்தாம் வகுப்பில் படித்த சோதனை. வரிக்கு ஐந்து விநாடி பிடித்திருக்கும்.

89681, 96079 இரண்டும் பகா எண்கள்தானா என்பது மிச்சம் இருந்தது. முதலாவதுக்கு 293 வரை, இரண்டாவதுக்கு 307 வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். 2, 3, 5 ஆகாது என்று பார்த்தவுடனே தெரிகிறது. மற்ற 119 வகுத்தல்களை நானும் மகளும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு இரண்டு மாலைகளில் முடித்தோம். கடைசி வகுத்தல்களின் மீதிகள் 23, 295. இரண்டும் பகா எண்களே.

சாரிடம் போய்க் காட்டினேன். பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் எண்ணின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1874இல் தன் நூலில் எழுதிய எண் இது. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியவராது என்று அவர் நினைத்தாராம். தர்க்கம் போடுகிற இயந்திரம் ஒன்றைக்கூடச் செய்வித்தவர் அவர். 1882இல் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்துபோனார், வயது 46. அமெரிக்காவின் டி. என். லெமர் 1903இல் இந்த எண்ணை உடைத்தார். சாலமன் கோலம்ப் என்ற கணிதவியலாளர் 1996இல் இதை ஒரு பாக்கெட் கால்குலேட்டர் வைத்தே உடைத்துக் காட்டினார்.

சார் இன்னொன்றும் காட்டினார். எண்ணை 24ஆல் வகுத்தால் மீதி 23. இப்படி மீதி வரும் எந்த எண்ணை எந்த இரண்டு காரணிகளாகப் பிரித்தாலும் அவற்றின் கூட்டுத்தொகை 24இன் மடங்காக இருக்கும். சின்னதில் பார்க்க 95 போதும்: 5, 19, கூட்டினால் 24. நம்முடைய இரண்டும் சேர்ந்து 1,85,760, அது 24 × 7740. ஆக 92825க்கு மேல் 12இன் மடங்குகளை மட்டும் எழுதினால் போதும்: 92832, 92844, 92856, 92868, 92880. ஐந்தே எண்கள். 5 இரண்டைத் தள்ளும், 7 ஒன்றைத் தள்ளும், 11 ஒன்றைத் தள்ளும். ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் முடிந்துவிடும். என் 3, 4 பட்டைகள் பன்னிரண்டு கட்டத்துக்கு ஒரு வெளிச்சம் காட்டியது இதைத்தான். கண்ணால் பார்த்திருந்ததால் அவர் சொன்ன உடனே எனக்குப் பிடிபட்டது. வெறும் சொல்லாக முதல் நாளே கேட்டிருந்தால் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

செலவு: ஆர்ட் கார்டு இரண்டு ஷீட் 36 ரூபாய், மூன்று மில்லிமீட்டர் பஞ்ச் 160, நீள நோட்டு இரண்டு 110. மொத்தம் 306 ரூபாய். ஓலையும் கிரே போர்டும் கணக்கில் இல்லை. அடுத்த முறை செய்தால் பூஜ்ஜியக் கட்டத்தில் எல்லாப் பட்டைகளிலும் ஒரு மூலையை வெட்டி அடையாளம் வைப்பேன். துளை போடுவதற்கு முன் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு கட்டங்களை வகுத்துச் சரிபார்ப்பேன். கூட்டலில் வரிக்கு வரி இலக்கச் சோதனை போடுவேன்.

அடுத்த எண்ணும் வந்துவிட்டது. 1643இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஃபெர்மாவுக்குக் கொடுத்த 100895598169. ஃபெர்மா சொன்ன விடை 898423, 112303. விடை தெரிந்தே எடுத்தேன், பட்டைகள் அங்கே எட்டுமா என்று பார்க்கத்தான். எட்டாது. இரண்டு காரணிகளும் அவ்வளவு தள்ளி இருப்பதால் 1,87,723 கட்டங்கள் வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் கட்டத்துக்குக் கணக்குப் போட்டால் பட்டையின் நீளம் 938 மீட்டர்.

லெமரின் மகன் டி. எச். லெமர் 1926இல் இதற்கு வழி கண்டிருக்கிறார்: நீளப் பட்டைக்குப் பதில் சைக்கிள் செயின். செயின் சுற்றிச் சுற்றி வருவதால் நீளம் தேவையில்லை. கடைக்கு எதிரே உள்ள சைக்கிள் கடை அண்ணனிடம் பழைய செயின் நான்கு வாங்கினேன், ஒன்று 60 ரூபாய். செயினில் அகலக் கண்ணியும் ஒடுங்கிய கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இணைக்க முடியாது. 7 கண்ணிக்கு ஒரு செயின் என்று செய்ய வழியில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் முழுச் செயினில் 112 கண்ணிகள் இருக்கின்றன. அது 7இன் பதினாறு மடங்கு, அப்படியே 7க்கு ஆகும். இரண்டு கண்ணி கழற்றினால் 110, அது 11க்கு. நான்கு கழற்றினால் 108, அது 9க்கு. எட்டு கழற்றினால் 104, அது 13க்கு. நான்கும் இப்போது மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன.